விக்டோரியா பப்ளிக் ஹால்: புதுப்பித்த பிறகு அங்கே நாடகம் நடக்குமா?

மேடைப்பித்தன்:

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே நிற்கும் சிவப்புக் கட்டடத்தைப் பற்றிப் பேசவே இந்த இழை. ஊர் வாயில் டவுன் ஹால், பலகையில் விக்டோரியா பப்ளிக் ஹால். சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் 32.62 கோடி ரூபாய் மதிப்பில் 2023இல் மாநகராட்சி வேலையைத் தொடங்கியது. அது பற்றி நான் படித்ததெல்லாம் சுவர், கூரை, கோபுரம், விளக்கு அலங்காரம். உள்ளே என்ன நடக்கப்போகிறது என்று கேட்டால் பதில் மழுப்பலாகவே வருகிறது.

அங்கே என்ன நடந்தது என்பது தெரிந்த கதைதான். 1891இல் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் வந்து இந்த மண்டபத்தில் தெலுங்கு நாடகங்கள் போட்டார்கள். அதைப் பார்க்கப் போன பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், படித்தவர்கள் மேடையேறி இவ்வளவு நேர்த்தியாக நடிக்க முடியுமா என்று வியந்து போனான். அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினான். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார். பிறகு சபைக்கு இந்த மண்டபமே வீடு. ‘மனோகரா’, ஹாம்லெட்டைத் தமிழாக்கிய ‘அமலாதித்யன்’, வெனிஸ் வணிகனைத் தழுவிய ‘வாணிபுர வணிகன்’ எல்லாம் அந்தச் சபை கண்டவை. குறித்த நேரத்துக்குத் திரை தூக்குவது, விடிய விடிய இழுக்காமல் சில மணி நேரத்தில் முடிப்பது என்ற ஒழுங்கெல்லாம் அவர்கள் பழக்கியது.

என் கேள்வி ஒன்றுதான். வேலை முடிந்ததும் என் போன்ற சிறிய நாடகக் குழு அங்கே ஒரு மாலை நாடகம் போட முடியுமா? முடியாது என்றால் அங்கே மீட்கப்பட்டது ஒரு கட்டடம். அரங்கம் இன்னும் மீளவில்லை.

பூங்காநகர்வாசி:

நல்ல இழை தொடங்கினீர்கள். நிலத்தின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் இந்த மண்டபத்தின் தலைவிதி புரியாது.

1882 மார்ச்சில் பச்சையப்பன் மண்டபத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, சென்னைக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ராஜாக்களும் ஜமீன்தார்களும் நன்கொடை கொடுத்தார்கள். விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு 1883 டிசம்பர் 17 அன்று அடிக்கல் நாட்டினார். வரைபடம் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். இடையில் அரசியின் பொன்விழா வந்ததால் மண்டபத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். திறந்து வைத்தவர் ஆளுநர் கன்னிமாரா பிரபு.

மக்கள் பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு நிலத்தை நகராட்சி குத்தகைக்குக் கொடுத்தது. 1888 ஏப்ரல் 1 முதல் 99 ஆண்டுகளுக்கு, கிரவுண்டுக்கு எட்டணா வீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபத்தெட்டு ரூபாய் எட்டணா! குத்தகைக் காலம் 1987இல் தீர்ந்தது. பிறகு மண்டபத்தின் அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் வழக்கு. வழக்கு நடக்கும் கட்டடத்துக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்? முன்வாசலை மறைத்துக் கடைகள் முளைத்தன. தளவரிசையில் அரசங்கன்று முளைத்தது. 2009 வாக்கில் ஒருமுறை பழுதுபார்ப்பு தொடங்கி இழுத்துக்கொண்டே போனது. பக்கத்திலேயே மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். பல வருடங்கள் தகரத் தடுப்புக்குப் பின்னால் கோபுரம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

நீதிக்கட்சி 1916 நவம்பர் 20 அன்று பிறந்ததும் இங்கேதான் என்று பலர் எழுதுகிறார்கள். வேப்பேரியில் ஒரு வீட்டில்தான் அந்தக் கூட்டம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தச் சண்டையை இங்கே ஆரம்பித்து இழையைக் கடத்திக்கொண்டு போய்விடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

நிழல்படம்:

நாடகக்காரர்கள் மட்டும் சொந்தம் கொண்டாடினால் எப்படி? சென்னை முதன்முதலில் சலனப் படம் பார்த்த இடமும் இதுதான். 1896 டிசம்பரில் டி. ஸ்டீவன்சன் என்பவர், ஊரில் புகைப்படக் கடை வைத்திருந்தவர், இங்கே சினிமாட்டோகிராப் காட்சிகளை நடத்தினார். எல்லாம் நிமிடக் கணக்கில் ஓடும் துண்டுப் படங்கள். பம்பாய் வாட்சன் ஓட்டலில் லூமியேர் படங்கள் காட்டப்பட்டது அதே ஆண்டு ஜூலை 7ஆம் தேதி. ஐந்தே மாதத்தில் அந்த அதிசயம் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. 1910 வாக்கில் ரகுபதி வெங்கையா, படத்தோடு இசைத்தட்டையும் சேர்த்து ஓட்டும் குரோனோமெகாபோன் கருவியை வாங்கி வந்து காட்சி நடத்தியதும் இங்கேதான்.

1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இந்த மண்டபத்தில் உரையாற்றினார். அதாவது இரண்டு மாத இடைவெளியில் ஒரே கூரையின் கீழ் சினிமாவும் சுவாமிஜியும். பிறகு ஊரில் சினிமாவுக்கென்று தனிக் கொட்டகைகள் வந்தன. சுகுண விலாச சபையும் மவுண்ட் ரோட்டுக்குப் போய்விட்டது. மண்டபத்துக்குப் பிழைப்பு போனது அப்படித்தான். வழக்கெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால் வந்த கதை.

சும்மா_ஒரு_ஆள்:

கார் நிறுத்த இடம் உண்டா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பூங்காநகர்வாசி:

வாசலிலேயே மெட்ரோ நிலையம், எதிரே புறநகர் ரயில், எட்டிப் பார்த்தால் சென்ட்ரல். நகரத்தில் வேறெந்த அரங்கத்துக்கும் இந்த வசதி கிடையாது. காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் ஐயா.

சுண்ணாம்புக்காரர்:

பழைய கட்டடங்களைச் செப்பனிடுவது என் தொழில். இந்த மண்டபத்தில் நான் வேலை செய்யவில்லை; இதே காலத்துக் கட்டடங்கள் சிலவற்றில் செய்திருக்கிறேன். “சுவரைத்தானே பூசுகிறார்கள்” என்ற தொனி இழையில் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மழைக்கு ஈரம் குடிக்கும், வெயிலுக்கு விட்டுவிடும். நடுவில் யாராவது புண்ணியவான் மேலே சிமெண்ட் பூசியிருப்பார். அன்றிலிருந்து குடித்த ஈரம் வெளியே வர வழியில்லை. உள்ளே தங்கிய நீரோடு உப்பு செங்கல்லின் முகத்துக்கு வந்து பொரிந்து, விரலால் தேய்த்தாலே சிவப்புப் பொடியாக உதிரும். வேறொரு கட்டடத்தில் சிமெண்ட் பூச்சை உளி வைத்துத் தட்டியபோது, ஒரு பக்கச் சுவர் முழுக்கச் செங்கல்லின் முன்முகம் பூச்சோடு ஒட்டிக்கொண்டு பாளம் பாளமாகக் கழன்று வந்தது. மாற்றுக் கல் தேடினால் இன்றைய சூளைக் கல் அளவு வேறு, நிறம் வேறு. தனியாகச் சுடச் சொல்லி வாங்க வேண்டும், அல்லது இடித்த வீடுகளிலிருந்து பொறுக்க வேண்டும்.

சாந்தும் அவசரத்துக்கு ஆகாது. சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பதம் பார்க்க வேண்டும். கரணையில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழக்கூடாது, அதுதான் பதம். அந்தப் பதம் கைக்குத் தெரிந்த கொத்தனார்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு வேலையிலிருந்து விடுபடும்வரை அடுத்த வேலை காத்திருக்கிறது. “ஏன் இத்தனை வருடம் இழுக்கிறது” என்பதற்குப் பாதிப் பதில் அது.

அரசமரம் இன்னொரு தொல்லை. வெளியே தெரிகிற கன்றை வெட்டினால் சுவருக்குள் இருக்கும் வேர் இன்னும் ஆங்காரமாகத் தழைக்கும். தண்டை வெட்டி, துளையிட்டு மருந்து ஊற்றி, வேர் சாகும்வரை காத்திருந்து, அந்தப் பகுதிச் சுவரைப் பிரித்து வேரை உருவிய பிறகே திரும்பக் கட்ட முடியும். புதுக் கட்டடம் எழுப்புகிறவருக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை.

சிஷோமைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கோபுரத்தின் மேல் திருவாங்கூர்ப் பாணிக் கூரையைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். கீழே ஐரோப்பியத் தூண், மேலே மலையாளத்துச் சரிவு. பொருந்தாது என்று தோன்ற வேண்டும்; எனக்குத் தோன்றவில்லை. மனிதருக்குக் கண் இருந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற கணக்கர்:

எல்லோரும் பழம்பெருமை பேசியாகிவிட்டது. நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஆனால் பொதுக் கட்டடங்களின் வரவு செலவை வருடக்கணக்கில் பார்த்தவன்.

திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கும். அடுத்த ஆண்டுப் பராமரிப்புக்குக் கேட்டுப் பாருங்கள், கோப்பு மேசை மேசையாகச் சுற்றும். நாடகக் குழு தரும் வாடகையில் காவலாளி சம்பளம், மின்கட்டணம், துப்புரவு எதுவும் தேறாது. மேடைப்பித்தன் அவர்களே, உங்கள் குழு ஒரு காட்சிக்கு எத்தனை டிக்கெட் விற்கும்? கீழ்க்கூடம், மேல்கூடம் இரண்டும் தலா 600 பேர் கொள்ளும், கிழக்கே மரக் கேலரியில் இன்னும் 200 பேர் என்பது பழைய கணக்கு. வார நாளில் நூறு பேர் வந்தால் நீங்களே திருஷ்டி கழிப்பீர்கள்.

தீ விஷயத்தையும் யாரும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போனதை இவ்வளவு சீக்கிரம் மறந்தால் எப்படி? வெனிஸ் நகரத்து லா பெனிசே அரங்கம் 1996 ஜனவரியில் பழுதுபார்ப்பு வேலை நடக்கும்போதே எரிந்தது. திரும்பத் திறக்க 2003 டிசம்பர் ஆயிற்று. மர கேலரி, மரப் படிக்கட்டு, திரைச்சீலை, சூடேறும் விளக்குகள், அதற்குள் நூற்றுக்கணக்கான ஜனம். தீயணைப்புத் துறை எத்தனை பேரை அனுமதிக்கும் என்பதே தனிக் கேள்வி. கீழ்த்தளத்தில் அருங்காட்சியகம், மேலே கலை நிகழ்ச்சிக்குக் கூடம் என்றுதான் திட்டம் பேசப்பட்டது. என்னைக் கேட்டால் இரண்டு தளமும் அருங்காட்சியகமாகவே இருக்கட்டும். பாதுகாப்பு, நிம்மதி.

திரைக்குப்பின்:

கணக்கர் ஐயாவின் நிம்மதிக்காக ஒரு மேடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்ட வேண்டுமா?

ஆனால் மேடைப்பித்தன் அண்ணாவிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. சுகுண விலாச சபையை நாடகத்தின் பொற்காலம் போல எழுதியிருக்கிறீர்கள். அங்கே நடித்தவர்கள் யார்? வக்கீல்கள், அதிகாரிகள், பெரிய இடத்துப் பிள்ளைகள். சம்பந்த முதலியாரே வக்கீல், பிறகு நீதிபதி. சத்தியமூர்த்தி அந்தச் சபையில் நடித்தவர். பெண் வேடத்தில் புகழ் பெற்றவர் ரங்கவடிவேலு, அவரும் வக்கீல். பெண் வேடத்துக்குப் பெண்ணைக் கூப்பிட அந்தச் சபைக்கு மனம் வரவில்லை. நாடகத்தையே பிழைப்பாகக் கொண்ட கம்பெனிக்காரர்களை, சங்கரதாஸ் சுவாமிகள் மாதிரி ஆட்கள் பாட்டெழுதிப் பயிற்றுவித்த பையன்களை, கூத்தாடி என்று சொல்லி ஒதுக்கிய சமூகம், கோட்டுப் போட்டவர் நடித்தால் மட்டும் கலை என்று கைதட்டியது. சபையால் நாடகத்துக்கு மரியாதை வந்தது, மறுக்கவில்லை. அந்த மரியாதை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கிறேன்.

எனவே புதுப்பித்த மண்டபத்தில் அருங்காட்சியகம் வைத்தால் சம்பந்த முதலியாரின் படத்தோடு நிறுத்தக்கூடாது. டின் கொட்டகையில் ஆர்மோனியம் வைத்துப் பாடியவர்களுக்கும் ஒரு சுவர் வேண்டும். மேல்தளம் கிடைத்தால் முதல் நாடகத்தைத் தெருக்கூத்துக் கலைஞர்கள் ஆடட்டும். அதுவரை அந்த மேடை பார்க்காத கால்கள் அவர்களுடையவை.

மேடைப்பித்தன்:

தங்கை சொன்ன கூத்து யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சபை பற்றிய விமர்சனத்தில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதிக்குப் பதில் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுக’ளிலேயே இருக்கிறது. மேடையேறினால் குடும்பத்துக்கு இழுக்கு என்று நினைத்த காலத்தில், சொந்தக் காசில் உடை தைத்து ஆடியவர்கள் அவர்கள். அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் பிறகு எல்லோரும் வந்தோம். எல்லோரையும் உள்ளே விடுவதற்காக அவர்கள் திறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கணக்கர் ஐயாவுக்கு: வார நாளில் நூறு பேர் வரமாட்டார்கள், உண்மை. இருநூறு பேர் கொள்ளும் இடம் கிடைக்காமல் பள்ளிக்கூட ஹாலிலும் கல்யாண மண்டபத்திலும் நாங்கள் ஆடுவதும் உண்மை. கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் சமையல்கட்டு. சோகக் காட்சியில் அங்கிருந்து தாளிக்கிற வாசனை வருகிறது.

மாதுங்காக்காரன்:

மும்பையிலிருந்து ஒரு செய்தி. இங்கே ராயல் ஓபரா ஹவுஸ் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1911இல் கட்டட வேலை முடியும் முன்பே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வைத்துத் திறப்பு விழா நடத்திவிட்டார்கள். பால கந்தர்வர், பிருத்விராஜ் கபூர் எல்லாம் ஆடிய மேடை. பிறகு சினிமாக் கொட்டகை ஆனது, 1993இல் மூடினார்கள். கோண்டல் அரச குடும்பத்தின் சொத்து. அவர்கள் செலவழித்துச் செப்பனிட்டு 2016 அக்டோபரில் திறந்தார்கள். அடுத்த ஆண்டே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதில் அதற்கு ஓர் இடம் கிடைத்தது.

கட்டடம் கண்ணைப் பறிக்கிறது, சந்தேகமே இல்லை. பால்கனி விளிம்பின் பொன்முலாம், தொங்கும் சரவிளக்கு, பெட்டி இருக்கைகள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். நாடகமும் நடக்கிறது, கச்சேரியும் நடக்கிறது. ஆனால் நான் பழகும் தமிழ் நாடகக் குழு அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கத்தான் முடியும். வாடகை எங்களுக்கு எட்டாது. தனியார் சொத்து, அவர்களைக் குறை சொல்ல முடியாது. விக்டோரியா ஹால் பொதுச் சொத்து, பொதுப் பணம். அங்கே குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

ஓய்வுபெற்ற கணக்கர்:

பொதுச் சொத்து என்றால் இலவசம் என்று பொருளா? எழும்பூர் மியூசியம் தியேட்டரைப் பாருங்கள். அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், அதையும் நம்பெருமாள் செட்டியார்தான் கட்டினார். அரசு கையில் இருந்துகொண்டே நாடகத்துக்கு வாடகைக்குப் போகிறது. அந்த மாதிரி ஒரு கட்டண அட்டவணை போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே நிபந்தனை: வசூலாகும் வாடகை பொதுக் கணக்கில் கரையக் கூடாது. அந்தக் கட்டடத்தின் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பத்து வருடத்தில் அரசமரம் திரும்ப வந்துவிடும்.

மேடைப்பித்தன்:

ஐயா, நீங்கள் எதிர்க்கட்சியா எங்கள் கட்சியா?

ஓய்வுபெற்ற கணக்கர்:

கணக்குக் கட்சி.

சுண்ணாம்புக்காரர்:

நாடகம் போடுகிறவர்கள் கவனத்துக்குச் சில. நூற்று முப்பது ஆண்டுக் கூரைச் சட்டத்தில் உங்கள் இஷ்டத்துக்கு விளக்குகளைத் தொங்கவிட முடியாது. தரையில் நிற்கும் தனிச் சட்டத்தில்தான் விளக்கு கட்ட வேண்டும். சுவரில் ஆணி கூடாது. பேனர் கட்டவும் கூடாது. குளிர்சாதனம் பொருத்தினால் யோசித்துப் பொருத்த வேண்டும். மூடிய கூடத்தில் குளிர்ந்த சுவர் மீது வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று படிந்து வியர்க்கும். சுண்ணாம்புப் பூச்சுக்கு அது ஆகாது. ஜன்னலைத் திறந்தாலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஹாரன் மொத்தமும் உள்ளே. 1891இல் அந்தச் சாலையில் குதிரை வண்டி போயிருக்கும். ஒலிபெருக்கி இல்லாமல் ஆடிய கூடம், ஒலிபெருக்கி வைத்தால் எதிரொலிக்கும். ஆளில்லாத கூடத்தில் ஒலிச் சோதனை செய்து ஏமாறாதீர்கள். ஜனம் நிறைந்தபின் அது வேறு கூடமாகிவிடும்.

மேடைப்பித்தன்:

சரி, மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இதுவரை பேசியதிலிருந்து எடுத்தவை: மேல்தளக் கூடம் மாதத்தில் குறிப்பிட்ட சில மாலைகளாவது நாடகத்துக்கும் கூத்துக்கும் என்று ஒதுக்கப்பட வேண்டும், வாடகை மியூசியம் தியேட்டரை ஒட்டி இருக்க வேண்டும், அது தனிக் கணக்கில் பராமரிப்புக்கே போக வேண்டும், அருங்காட்சியகத்தில் கம்பெனி நாடகத்துக்கும் முதல் சினிமாக் காட்சிக்கும் இடம் வேண்டும், தீயணைப்புத் துறை அனுமதிக்கும் எண்ணிக்கையை வாசலில் எழுதி வைக்க வேண்டும். விளக்குச் சட்டத்தை நாங்களே கொண்டுவருகிறோம் என்றும் சேர்த்துவிடுகிறேன்.

விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.

திரைக்குப்பின்:

வாடகையை மாலை ஆறு மணியிலிருந்து கணக்கிடக் கூடாது என்று எழுதுங்கள் அண்ணா. விளக்குக் கட்டி ஒத்திகை பார்க்க மதியமே உள்ளே விட வேண்டும். அந்த மணிநேரத்துக்கும் முழு வாடகை கேட்கிற அரங்கங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெண்கள் உடை மாற்ற, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும் என்பதையும் தனி வரியாகப் போடுங்கள். அந்தச் சபைக்கு அது தேவைப்படவே இல்லை, வரைபடத்தில் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.

சுண்ணாம்புக்காரர்:

வரைபடம் கையில் கிடைத்தால் பார்த்துச் சொல்கிறேன். மனுவின் நகலை இங்கேயே ஏற்றுங்கள்; சுவர், விளக்குப் பகுதியை நான் திருத்தித் தருகிறேன்.